கிழமைக் கடனும் நானும்

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், "உங்கட கடன் கதையை எழுதிக் குடுங்கோ அக்கா, மற்றப் பெண்களுக்கு உதவும்" என்று தலைவி கேட்டார். முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். கடன்பட்ட கதையை எழுத வெட்கம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தக் கதையில் நான் நல்லவளாக இல்லை. இரண்டு கிழமை யோசித்த பிறகு, நடந்ததை நடந்தபடியே எழுதலாம் என்று பேனையை எடுத்தேன்.

2009இல் மாத்தளனில் என் கணவர் ஷெல்லடியில் இறந்தார். இரண்டு பிள்ளைகளோடும் அம்மாவோடும் நான் செட்டிகுளம் முகாமுக்குப் போனேன். 2010 கடைசியில் விசுவமடுப் பக்கம் எங்கள் காணிக்குத் திரும்பி வந்தபோது, வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல்லும் இரண்டு தென்னையும்தான் மிஞ்சியிருந்தன. தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் என் பெயர் வந்தது. 550,000 ரூபா, கட்டங் கட்டமாகத் தருவார்கள். ஒரு கட்ட வேலை முடிந்தால்தான் அடுத்த காசு. மண்ணும் சீமெந்தும் தச்சுக்கூலியும் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஆம்பிளை இல்லாத வீட்டில் மேசனுக்கும் தச்சனுக்கும் சோறும் தேத்தண்ணியும் கொடுத்து வேலை வாங்குவது எப்படியென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கூரை போடச் சங்கிலியை அடகு வைத்தேன். கதவு யன்னலுக்குக் கையில் ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில்தான் மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு பை. "அக்கா, பிணைக்கு ஆளும் வேண்டாம், காணி உறுதியும் வேண்டாம். ஐந்து பெண்கள் ஒரு குழுவாய்ச் சேர்ந்தால் போதும்" என்றார். வங்கிக்குப் போனால் அரச உத்தியோகத்தர் இரண்டு பேரைப் பிணைக்குக் கூட்டி வரச் சொல்வார்கள். எனக்கு யார் பிணை நிற்பார்? இந்தத் தம்பி என் முற்றத்துக்கே வந்து, என்னை "அக்கா" என்று கூப்பிட்டு, என்னை நம்பிக் காசு தருகிறார். அது எனக்கு எவ்வளவு பெரிய மதிப்பாகத் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். யுத்தத்துக்குப் பிறகு எங்களை வரிசையில் நிற்கவைத்த ஆட்கள்தான் அதிகம், தேடி வந்த ஆட்கள் குறைவு.

2015 தொடக்கத்தில் 40,000 ரூபா எடுத்தேன். ஆவணச் செலவு, காப்புறுதி என்று 1,600 ரூபாவைக் கழித்து 38,400 ரூபாவைக் கையில் தந்தார்கள். கிழமைக்கு 1,100 ரூபாப்படி 48 கிழமை. ஒவ்வொரு செவ்வாயும் காலை ஒன்பது மணிக்கு என் வீட்டு முற்றத்தில் குழு கூடும். நான்தான் குழுத் தலைவி.

அந்த முதற்கடன் எந்தக் கரைச்சலும் இல்லாமல் முடிந்தது. வீட்டுக்குக் கதவு வந்தது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரம் கச்சான் வறுத்து விற்றுக் கிழமை தவறாமல் கட்டினேன். பின்னாளில் இதைப் பற்றி யோசித்திருக்கிறேன். முதற்கடனிலேயே அடிபட்டிருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன். நன்றாய் முடிந்ததுதான் என்னைக் கெடுத்தது. கடைசித் தவணை கட்டிய அன்றே, "நீங்கள் ஒரு நாளும் பிந்தினதில்லை அக்கா, அடுத்த சுற்று 60,000 தரலாம்" என்றார் தம்பி. எனக்கு அப்போது அவசரமான செலவு எதுவும் இல்லை. ஆனாலும் வேண்டாமென்று சொல்ல மனம் வரவில்லை. எடுத்த மாதமே மகள் பெரியபிள்ளையானாள். தகப்பன் இல்லாத பிள்ளை, ஒரு குறையும் தெரியக்கூடாது என்று மண்டபம் எடுத்து, வீடியோ எடுத்துச் சடங்கு செய்தேன். பாதிக் காசு அதிலே போயிற்று. இன்றைக்கும் அந்த அல்பத்தைத் திறந்து பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அந்த வருட மார்கழி மழையில், வாங்கி வைத்திருந்த இரண்டு மூடைக் கச்சான் பூஞ்சணம் பிடித்தது. செவ்வாய்க்கிழமை வந்தது. கையில் காசில்லை. வியாழக்கிழமைகளில் பக்கத்து ஒழுங்கைக்கு இன்னொரு கம்பனி வந்துகொண்டிருந்தது. அங்கே எடுத்துச் செவ்வாய்க்குக் கட்டினேன். பிறகு வியாழனுக்குக் கட்ட வெள்ளிக்கிழமைக் கம்பனி. அதுவும் போதாமல் ஊரில் வட்டிக்குக் கொடுக்கும் ஒருவரிடம் 10,000 ரூபா, மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி. முன்பு ஞாயிறு, திங்கள் என்று நாளை எண்ணிய நான், இந்தக் கம்பனியின் நாள், அந்தக் கம்பனியின் நாள் என்று எண்ணத் தொடங்கினேன். முதல் கம்பனியில் ஒரு சுற்று முடியும் நாளிலேயே அடுத்த சுற்றுக்குக் கையொப்பம் வைத்தேன். அதைக் கடன் முடிந்ததாகவும் நினைத்துக்கொண்டேன்.

இனித்தான் நான் எழுதத் தயங்கிய விடயம்.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி இருந்தாள். பெயர் எழுதமாட்டேன். அவளுடைய மனுசனுக்கு ஒரு கால் இல்லை. செல் விழுந்த காயத்தில் எடுத்தது. 2017இல் அவர் வருத்தமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று கிழமை அவளால் கட்ட முடியவில்லை. குழுக்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். அவளுடைய 1,100 ரூபாவுக்கு ஆளுக்கு 275 ரூபா. இப்போது பார்த்தால் சின்னக் காசு. அன்றைக்கு எனக்கு அது ஒரு நாள் அரிசியும் கறியும். நாலாவது கிழமை அந்தத் தம்பி, "கட்டாமல் நான் போகேலாது அக்கா, என்ர சம்பளத்தில கழிப்பினம்" என்று என் முற்றத்தில் இருந்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். காலை பத்து மணிக்குப் போய் விளக்கு வைக்கும் நேரம் வரை அவளுடைய முற்றத்தில் குந்தியிருந்தோம். அவள் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். நான் எல்லாரும் கேட்க, "பிள்ளைக்குப் பால்மா வாங்கக் காசிருக்கு, எங்கட காசைக் கட்ட மட்டும் இல்லையோ?" என்றேன்.

அவள் பேசாமல் உள்ளே போய்த் தையல் மெசினைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மீள்குடியேறிய புதிதில் ஒரு நிறுவனம் கொடுத்த மெசின். அன்றிரவே அதை அரை விலைக்கு விற்றுக் கட்டினாள். இரண்டு மாதத்தில் முகவர் ஒருவர் மூலம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். சின்னப் பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. பாடசாலைக்கு என் வீட்டைத் தாண்டித்தான் போகும். என்னைக் கண்டால் ஒழுங்கையின் மற்றப் பக்கத்தால் நடக்கும்.

இந்தக் கம்பனிகள் கடனுக்குப் பிணையாக வாங்குவது எங்கள் அயலைத்தான். முகாமில் ஒரு குடம் தண்ணியைப் பங்கிட்டுக் குடித்த பெண்கள் நாங்கள். 275 ரூபா எங்களை அந்த முற்றத்தில் கொண்டுபோய் இருத்தியது.

2018 வைகாசியில் ஒரு செவ்வாய் எனக்கும் கட்ட வழியில்லாமல் போனது. அந்த மூன்று பெண்களும் புதிதாய்ச் சேர்ந்த ஒருத்தியும் என் முற்றத்தில் குந்தியிருந்தார்கள். யாரும் ஏசவில்லை. பார்த்துக்கொண்டு இருந்தார்கள், அவ்வளவுதான். பின்னேரம் அம்மா எங்கேயோ போய்க் காசு மாறிக்கொண்டு வந்தார்.

அன்றிரவு மகள் தன்னுடைய கணக்கியல் கொப்பியைக் கொண்டு வந்து விளக்கடியில் இருந்தாள். "அம்மா, எல்லாப் புத்தகத்தையும் எடுங்கோ" என்றாள். எடுத்தேன். செவ்வாய்க் கம்பனிக்குக் கிழமைக்கு 1,650 ரூபா, இன்னும் 31,350. வியாழன் கம்பனிக்கு 1,400, இன்னும் 42,000. வெள்ளிக் கம்பனிக்கு 1,250, இன்னும் 27,500. வட்டிக்காரருக்கு 10,000. மொத்தம் 110,850 ரூபா. கிழமைக் கட்டு மட்டும் 4,300 ரூபா. கச்சானில் நல்ல கிழமையென்றால் 5,000 மிஞ்சும். நல்ல கிழமைகள் எத்தனை? வற்றாப்பளைப் பொங்கல் போன்ற திருவிழா நாட்களை விட்டால் விரல்விட்டு எண்ணலாம்.

பிறகு அவள் வட்டிக் கணக்கைச் செய்து காட்டினாள். 40,000 ரூபாவுக்கு 12,800 ரூபா வட்டி, அதாவது நூற்றுக்கு 32 என்றுதான் நான் நினைத்திருந்தேன். "அம்மா, 24ஆம் கிழமை நீங்கள் பாதி முதலைத் திருப்பிக் குடுத்திட்டீங்கள். பிறகு உங்களிட்ட இருந்தது அவையின்ர 20,000 தானே. ஆனால் வட்டி கடைசி வரைக்கும் 40,000க்குத்தான் கட்டியிருக்கிறீங்கள்" என்றாள். முதல் கிழமை என்னிடம் இருந்தது முழு 40,000, கடைசிக் கிழமை இருந்தது ஆயிரம்கூட இல்லை. சராசரி பார்த்தால் 20,000 ரூபாவைத்தான் பதினொரு மாதம் வைத்திருந்தேன். அதற்கு 12,800 வட்டி என்றால் நூற்றுக்கு 64. இதைச் சகோதரிகள் ஒருமுறை தங்கள் புத்தகத்தை வைத்துச் செய்து பார்க்க வேண்டும். கிழமைக்கு எவ்வளவு என்றுதான் நாங்கள் கேட்கிறோம். மிஞ்சிய முதலுக்கு வட்டியா, எடுத்த முழுக் காசுக்கும் வட்டியா என்று கேட்பதில்லை. செவ்வாய்க் கம்பனியில் முடித்த மூன்று சுற்றுக்கு மட்டும் 51,200 ரூபா வட்டி கட்டியிருந்தேன். என் வீட்டுச் சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை.

மகள் எழுதிய தாளை மடித்து எடுத்துக்கொண்டு அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். எழும்பி நின்று வாசித்தேன். கால் நடுங்கியது. வாசித்து முடிய, ஒருத்தி "எனக்கு நாலு கம்பனி" என்றாள். அதுவரை ஊரில் நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்தேன். அன்று பதினொரு பெண்கள் கணக்குச் சொன்னார்கள். ஒருத்தி மனுசனுக்குத் தெரியாமல் எடுத்திருந்தாள். ஒருத்தி தன் பெயரில் தமக்கைக்கு எடுத்துக் கொடுத்திருந்தாள்.

முதலில் புதுக்கடனை நிறுத்தினேன். சொல்ல இலேசு. மிஞ்சிய கடனைக் கழித்துக்கொண்டு மேலே 30,000 தரலாம் என்று அந்தத் தம்பி வந்து நின்றபோது, காசு வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு வசனத்துக்கு எனக்கு நாக்கு வரண்டு போனது. அவர் போன பிறகு அரைமணித்தியாலம் அழுதேன், பிழை விட்டுவிட்டேனோ என்று.

இரண்டாவது, சங்கிலி. அது என் கலியாணத்துக்கு அம்மா போட்ட ஒன்றரைப் பவுண். முள்ளிவாய்க்காலில் சட்டை மடிப்புக்குள் தைத்துக் கொண்டுவந்தது. மூன்று முறை அடகு வைத்து, மீட்க வழியில்லாமல் வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைத்திருந்தேன். விற்கக்கூடாது என்று அம்மா நின்றார். எனக்கும் மனமில்லை. ஆனால் அடகுக் கடைப் பெட்டிக்குள் கிடக்கும் சங்கிலிக்கு வருடா வருடம் வட்டி கட்டுவது, அதைக் கழுத்தில் போடுவதாகாது. 75,000 ரூபாவுக்கு விற்று, அடகுக் காசும் வட்டியுமாக 50,500 போக 24,500 மிஞ்சியது. வட்டிக்காரரின் 10,000 ரூபாவை அன்றே முடித்தேன். நூற்றுக்குப் பத்து மாத வட்டியென்றால் வருடத்துக்கு நூற்றுக்கு 120. தொகையில் சின்னது என்று அதைக் கடைசிக்கு விடுபவர்கள் உண்டு. அது பிழை. எங்கே வட்டி கூடவோ அங்கேதான் முதலில் கை வைக்க வேண்டும்.

மிச்சம் 14,500. வெள்ளிக் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினோம், முன்கூட்டியே முழுதாக முடித்தால் எவ்வளவு என்று. வாயால் கேட்டபோது ஒன்றுமே குறையாது என்றவர்கள், கடிதத்துக்கு 22,500 என்று எழுத்தில் பதில் தந்தார்கள். 5,000 ரூபா குறைவு. என் தம்பி கன்று விற்ற காசில் 8,000 தந்தான். அவனிடம் மூன்று வருடமாக நான் கடன் விடயம் சொல்லவே இல்லை. "இதை நீ நேரத்தோட சொல்லியிருக்கலாமே அக்கா" என்று மட்டும் கேட்டான். காசைக் கட்டி, முடிந்ததற்குக் கடிதம் வாங்கினோம். அந்தக் கடிதம் இல்லாமல் எழும்பி வரவேண்டாம்.

கிழமைக் கட்டு 3,050க்கு இறங்கியது. அந்த மூன்று மாதமும் பட்ட பாட்டை விரித்து எழுத விரும்பவில்லை. காலையில் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்தேன், பின்னேரம் கச்சான். அதற்குள்ளேயே எங்கள் பக்கத்துச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவராகிக் கிழமைக்கு 100 ரூபா சேமித்தேன். மூன்று மாதம் சேமித்தால்தான் அங்கே கடன் கேட்கலாம். அங்கே 20,000 எடுத்து, 19,800க்கு வியாழன் கம்பனியை முடித்தேன்.

இதுவும் கடனைக் கட்டக் கடன்தானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சங்கத்தில் வருடத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, அதுவும் மிஞ்சிய முதலுக்கு மட்டும். முதல் மாதம் 1,867 ரூபா கட்டினேன், பிறகு மாதா மாதம் குறைந்து வந்தது. வருடம் முடிய நான் கட்டிய வட்டி மொத்தம் 1,300 ரூபா. அதே 20,000 கம்பனியில் என்றால் 6,400. பழைய கடனை அதே நாளில் மூடாமல், காசை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தால் அதுவும் நாலாவது கடனாகத்தான் போயிருக்கும். அதனால் சங்கச் செயலாளரே என்னோடு கம்பனிக் கந்தோருக்கு வந்தார்.

அந்த வருடம் அரசாங்கமும் சில நடவடிக்கை எடுத்தது. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனில் மூன்று மாதத்துக்கு மேல் நிலுவை வைத்திருந்த பெண்களுக்குக் கடன் தள்ளுபடி அறிவித்தார்கள். என் பெயர் அதில் இல்லை. வேறு இடத்தில் கடன்பட்டு ஒழுங்காகக் கட்டியவளுக்கு நிலுவை எங்கே இருக்கும்? சிரித்தேன், வேறென்ன செய்வது. 2018 கடைசியில் மத்திய வங்கி தன் கீழுள்ள நிதி நிறுவனங்களின் நுண்கடனுக்கு வருடத்துக்கு நூற்றுக்கு 35 என உச்ச வட்டியும் விதித்தது. அதற்குப் பிறகும், 2021 மார்ச் 8 மகளிர் தினத்தில், பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களுடைய முற்றத்திலும் யாரோ விளக்கு வைக்கும் வரை குந்தியிருந்திருப்பார்கள்.

2022இல் விலைவாசி ஏறியபோது எங்கள் ஊருக்குத் திரும்பவும் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. இப்போது அதுவும் தேவையில்லை. அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினால் தொலைபேசியிலேயே கடன் வருகிறது, இரண்டு கிழமையில் திருப்பிக் கட்ட வேண்டும். என் மகனுக்கும் அப்படியொரு செய்தி வந்தது. அவனுடைய அக்கா அந்தக் கணக்கியல் கொப்பியை எடுத்து அவன் முன்னால் போட்டாள்.

2019 புரட்டாதியில் சங்கக் கடனும் முடிந்தது. இப்போது மாதர் சங்கத்தில் பதினான்கு பெண்கள் கிழமைக்கு 100 ரூபா சேர்க்கிறோம். வருத்தம், செத்தவீடு, பிள்ளையின் பரீட்சைக் காசு என்று அவசரம் வந்தால் அதிலிருந்துதான் எடுக்கிறோம். ஒருத்தி பிந்தினால் வீட்டுக்குப் போய் என்ன வருத்தம் என்று கேட்பது வழக்கம். முற்றத்தில் இருப்பதில்லை.

அந்தத் தங்கச்சி 2020 தொடக்கத்தில் குவைத்திலிருந்து வந்தாள். வறுத்த கச்சான் ஒரு பை கொண்டுபோனேன். வாசலில் நின்று, "அண்டைக்கு நான் சொன்னது பெரிய பிழை தங்கச்சி" என்றேன். அவள் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அக்கா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவளும் இப்போது எங்கள் சேமிப்பில் இருக்கிறாள். நான்தான் காசு சேர்த்துப் புத்தகத்தில் பதிவது. மற்றவர்கள் என் கையில் தருவார்கள். அவள் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்து, அவள் கைமாறித்தான் புத்தகம் என்னிடம் வரும். பதிந்து, அதே வழியால் திருப்பிக் கொடுப்பேன். சென்ற கிழமை அவளுடைய மகன் வந்து கச்சான் வாங்கினான். இப்போது வளர்ந்துவிட்டான். காசு வேண்டாம் என்றேன். "அம்மா குடுக்கச் சொன்னவ" என்று நூறு ரூபாவைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனான்.